படத்துக்குப் பாட்டு வைக்கும் பிள்ளைகளுக்கு

கலியாணவீடு, சாமத்தியவீடு, மணிவிழா, அந்தியேட்டி, பள்ளிக்கூடப் பரிசளிப்பு என்று எது வந்தாலும் பழைய படங்களை வாங்கி ஒழுங்குபடுத்தி, இசை சேர்த்து, பெரிய திரையில் ஓடவிடத் தயாராக்கித் தருகிற யாழ்ப்பாணத்து ஸ்ருடியோப் பிள்ளைகளுக்கும், அதே வேலையை வீட்டுக் கணினியில் சொந்தக்காரருக்காகச் செய்து கொடுக்கிற தம்பிமார் தங்கச்சிமாருக்கும் இதை எழுதுகிறேன்.

நான் உங்கள் தொழிலுக்கு வெளியே நிற்கிறவன். பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பித்து இளைப்பாறியவன். ஆனால் நீங்கள் செய்கிற சிலைட்ஷோக்களை வருடம் முழுவதும் மண்டபங்களில் இருந்து பார்க்கிறேன். உங்கள் கைத்திறமையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. மங்கிப்போன படத்தைத் துலக்குகிறீர்கள், கிழிந்த ஓரத்தைச் சேர்க்கிறீர்கள், ரொரன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வட்ஸ்அப்பில் வந்த படங்களை ஓர் அளவுக்குக் கொண்டுவந்து வரிசைப்படுத்துகிறீர்கள். கண்ணுக்கு வேண்டியதை எல்லாம் செய்கிறீர்கள். காதுக்கு வரும்போதுதான் உங்களிடம் ஒரு வழக்கு வைக்க வேண்டியிருக்கிறது.

அண்மையில் ஒரு தவில் வித்துவானின் முப்பத்தோராம் நாளுக்குப் போயிருந்தேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்னர் அவருடைய படங்களைத் திரையில் ஓடவிட்டார்கள். தவிலை மடியில் இருத்திக் கழியை ஓங்கியபடி ஒரு படம், திருவிழா இரவில் சுவாமிக்கு முன்னால் வியர்த்து வழிந்தபடி ஒரு படம், சின்னப் பெடியனொருவனுக்கு விரலில் கூடு மாட்டிவிடுகிற ஒரு படம். பின்னணியில் கேட்டது ஒரு தென்னிந்தியத் திரைப்படத்தின் சோகப் புல்லாங்குழல். யாரோ ஒருவர், வேறொரு கதைக்காக வாசித்தது. படம் முடிந்து பந்தியில் இருந்தபோது மகன் சொன்னார், அப்பாவின் கச்சேரி பதிந்த இறுவட்டு ஒன்று உள்ளே அலுமாரிக்குள் கிடக்கிறதாம். செத்தவீட்டு அலைச்சலில் அதைக் கொடுக்க அவருக்குத் தோன்றவில்லை. படம் செய்தவரும் கேட்கவில்லை. வாழ்நாள் முழுவதும் ஊருக்கு வாசித்த ஒரு மனிதரின் கடைசி நிகழ்ச்சியில் அவருடைய கையின் ஒலி ஒரு நொடிகூடக் கேட்கவில்லை.

அந்த ஸ்ருடியோவின் பெயர் இங்கே வேண்டாம். அது எந்த ஸ்ருடியோவிலும் நடந்திருக்கும். படங்கள் வந்தவுடன் உங்கள் கணினியில் ‘சோகம்’, ‘கலியாணம்’, ‘பேர்த்டே’ என்று ஏற்கெனவே சேர்த்துவைத்திருக்கிற பாட்டுக் கோப்புறையைத் திறக்கிறீர்கள். பொருத்தமாகப் பட்டதைப் போடுகிறீர்கள். பத்து வீட்டுக்கு அதே பாட்டு. பதினோராவது வீட்டில் அந்தப் பாட்டு தொடங்கும்போதே சனம் முதல் வீட்டை நினைக்கிறது.

வேறு ஊரில் என்றால் இதைப் பெரிதுபடுத்தமாட்டேன். இங்கே உங்களிடம் வருகிற படங்கள் எத்தனை என்று யோசித்துப் பாருங்கள். அறுபது, எழுபது வயதில் இறந்த ஒருவரின் சிறுவயதுப் படம் உங்களுக்கு எத்தனை தடவை கிடைத்திருக்கிறது? வலிகாமம் வடக்குச் சனம் யுத்தத்தால் 1990இலிருந்து வீடு வாசலைக் கைவிட்டு வந்தது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதுமே ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. கையில் குழந்தையும் தலையில் பெட்டியுமாகப் போனவர்கள் அல்பத்தை எடுத்துக்கொண்டா போனார்கள்? திரும்பி வந்தபோது பல வீடுகளில் கூரையே இல்லை. அதனால்தான் தேசிய அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்துத் தரும்படி உங்களிடம் வந்து நிற்கிறார்கள். எட்டுப் படத்தை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் ஓட்டவேண்டிய நிலை உங்களுக்கு. அப்படியான காட்சியில் பாதிப் பாரத்தைச் சுமப்பது இசைதான். படத்தில் இல்லாத ஊரும் கோயிலும் காலமும் அந்த இசையால்தான் வரவேண்டும். சென்னையில் எந்தப் படத்துக்கோ போட்ட பின்னணி இசையில் அளவெட்டியும் இல்லை, கரவெட்டியும் இல்லை.

நான் கேட்கிற இசை எங்கே இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். பெரும்பாலும் அது இறுவட்டுகளில் இருக்கிறது. இறுவட்டுகள் வீடுகளில் இருக்கின்றன, லாச்சிகளிலும் சாமியறைத் தட்டிலும் ரி.வி.க்குக் கீழேயும்.

அவை எப்படி அங்கே வந்தன என்பதை உங்களில் வயது குறைந்தவர்கள் அறிந்திருக்கமாட்டீர்கள். தொண்ணூறுகளில் இங்கே மின்சாரம் இல்லை. பற்றரியும் வரவிடப்படவில்லை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வருகிற மின்சாரத்தில் வானொலியும் கசெற்றும் கேட்டார்கள். கோயில் மேளக்கச்சேரிகளைக் கசெற்றில் பதிந்து கைமாற்றிக் கைமாற்றி வைத்திருந்தார்கள். 2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்த பிறகு கணினியும் வட்டு எழுதுகிற கருவியும் இங்கே தாராளமாக வந்தன. கசெற்றில் இருந்தவற்றில் பல அந்த நாட்களில்தான் வட்டுக்கு மாறின. அதோடு இன்னொரு வழக்கமும் பெருகியது. ஊர்ப் பிள்ளையாருக்கும் அம்மனுக்கும் முருகனுக்கும் ஊர்ப் புலவர் பாட்டு எழுத, எங்கள் பாடகர்கள் பாட, வெளிநாட்டிலிருக்கிற ஊரவர் செலவைப் பொறுக்க, திருவிழாவில் இறுவட்டு வெளியீடு. குடாநாட்டில் அப்படி ஓர் இறுவட்டு இல்லாத கோயிலைத் தேடிப்பிடிப்பது கடினம். வெளியிட்ட அன்று மேடையில் வரிசையாக வந்து வாங்கினார்கள். பிறகு அவற்றில் பல வெளியே வரவே இல்லை.

எங்கள் பக்கத்து இசை படத்துக்கு எடுபடாது என்று உங்களில் யாராவது நினைத்தால், கேட்காமல் முடிவு செய்யவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இணுவிலைப் பூர்வீகமாகக் கொண்ட யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி 1933இல் பிறந்து 1975இல், நாற்பத்திரண்டு வயது நிறையுமுன் மறைந்தவர். காருக்குறிச்சி அருணாசலம் போன்ற மேதைகளுக்குத் தமிழ்நாட்டு மேடைகளில் தவில் வாசித்தவர். அவரைப் பற்றி அம்ஷன் குமார் எடுத்த ஆவணப்படத்துக்கு இந்தியாவின் தேசிய விருது கிடைத்தது. அவரை நேரில் கேளாத நீங்களும் நானும் இன்றைக்கு அவருடைய கையைக் கேட்கிறோம் என்றால், யாரோ பதிந்து, யாரோ பிரதி எடுத்து, யாரோ எறியாமல் வைத்திருந்ததால்தான். நாதஸ்வரத்தில் சாவகச்சேரி பஞ்சாபிகேசன், அளவெட்டி பத்மநாதன், கானமூர்த்தி–பஞ்சமூர்த்தி சகோதரர்கள் என்று எடுத்தால் ஒரு கலியாணவீட்டுப் படத்துக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? காங்கேசன்துறை வசந்த கான சபாவின் வி.வி. வைரமுத்து மயான காண்டம் நாடகத்தில் அரிச்சந்திரனாகப் பாடியதை நேரில் கேட்டு அழுத தலைமுறை இப்போது ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட ஒருவரின் அந்தியேட்டியில் வைரமுத்துவின் குரல் இரண்டு நிமிடம் கேட்டால் அந்த வீட்டு முற்றத்தில் என்ன நடக்கும் என்று ஒருதடவை செய்து பாருங்கள்.

பக்தியும் பழமையும்தான் என்று எண்ணவேண்டாம். இலங்கை வானொலி வளர்த்த ஈழத்து மெல்லிசை இருக்கிறது. எஸ்.கே. பரராஜசிங்கம் பாடியவை, எம்.கே. ரொக்சாமியும் கண்ணனும் இசையமைத்தவை எல்லாம் அறுபதாம் கலியாணப் படங்களுக்கென்றே செய்தது போல இருக்கும், ஏனென்றால் அந்தத் தம்பதிகள் இளமையில் வானொலியில் கேட்டவை அவை. பிறந்தநாளுக்கு ஆட்டம் வேண்டுமென்றால் நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ இருக்கிறது. கத்தோலிக்க வீடுகளுக்கு, யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதிய வியாகுலப் பிரசங்கத்தைத் தவக்காலத்தில் இன்றைக்கும் இழுத்துப் பாடுகிற பெரியவர்கள் இருக்கிறார்கள். அதன் ஒலிப்பதிவு ஒன்றைத் தேடினால் கிடைக்கும்.

இனி, உங்கள் கையில் இருக்கிற ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். இந்தக் கடிதம் முழுவதும் அதற்காகத்தான்.

இப்போது வாங்குகிற மடிக்கணினிகளில் இறுவட்டுப் போடுகிற இடமே இல்லை. வீடுகளில் இருந்த சீடி பிளேயர்கள் பழுதாகிப் பரணில் கிடக்கின்றன. கார்களில்கூட இப்போது யூ.எஸ்.பி. மட்டும்தான். வட்டு வைத்திருக்கிறவர்களிடம் கருவி இல்லை. கருவி இருக்கிறது உங்களிடம், பழைய மேசைக் கணினியிலோ, யூ.எஸ்.பி.யில் செருகுகிற வெளி டிரைவிலோ. ஊரின் இறுவட்டுகளை இன்றைக்கும் திறக்கக்கூடிய ஆட்கள் குடாநாட்டில் நீங்கள்தான். ஒரு வட்டு உங்கள் மேசைக்கு வந்து சில நிமிடங்கள் இருந்துவிட்டுத் திரும்பிப் போகிறது. அந்தச் சில நிமிடங்களில் நீங்கள் செய்வதையும் செய்யாமல் விடுவதையும் பொறுத்துத்தான் அதிலுள்ள இசை இருக்கும் அல்லது போகும். அடுத்த தடவை அந்த வட்டு வெளியே எடுக்கப்படும்போது அது வாசிக்குமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. கணினியில் எழுதிய வட்டின் சாயப்படலம் வெக்கைக்கும் ஈரத்துக்கும் வெயிலுக்கும் மங்குகிறது. எங்கள் சித்திரை வெயிலும் மார்கழி ஈரமும் அதற்கு ஆகாது. 2002, 2003இல் எழுதியவை இருபது வயதைத் தாண்டிவிட்டன.

வேலை சரியாக நடக்காத இடங்களையும் பார்த்திருக்கிறேன். ஒரு பள்ளிக்கூடப் பரிசளிப்பில் பிள்ளைகள் தாங்களே பவர்பொயின்றில் படங்களைச் சேர்த்து, பாடசாலைக் கீத இறுவட்டிலிருந்து பாட்டை பென்டிரைவில் போட்டுக்கொண்டு வந்தார்கள். படம் ஓடியது, ஒலி வரவில்லை. வட்டைத் திறந்தால் தெரிகிற சி.டி.ஏ. கோப்புகளை இழுத்துப் பிரதிபண்ணியிருந்தார்கள். அந்தக் கோப்பு ஒவ்வொன்றும் வெறும் 44 பைட். பாட்டு வட்டின் எந்த இடத்தில் தொடங்குகிறது என்கிற குறிப்பு மட்டும்தான் அதற்குள் இருக்கிறது, பாட்டு இல்லை. உங்களில் அனுபவமுள்ளவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. ஆனால் உங்களிடம் வேலை பழகுகிற பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்? பாட்டை வட்டிலிருந்து உரித்தெடுக்கத்தான் வேண்டும். விண்டோஸ் மீடியா பிளேயரில் ‘ரிப்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது, செலவில்லை. இசைவட்டில் ஒரு நொடிக்கு 44,100 தடவை அளந்து எழுதியிருக்கிறது. அதை அப்படியே வேவ் கோப்பாக எடுத்தால் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 எம்.பி. பிடிக்கும். இன்றைய ஹாட்டிஸ்கில் அது ஒரு பொருட்டே அல்ல. ஆகவே முதலில் முழுத்தரத்தில், வேவ் ஆகவோ ஃபிளாக் ஆகவோ எடுங்கள். காட்சிக்கு வேண்டிய எம்.பி.3ஐ அதிலிருந்து பிறகு செய்யுங்கள். இடம் மிச்சம் என்று 128இல் அழுத்தி எடுத்துவிட்டு வட்டைத் திருப்பிக் கொடுத்தால், தவிலின் வலந்தலையில் விழுகிற அடியின் கூர்மை போனது போனதுதான்.

பவர்பொயின்றில் செய்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். 2007 வரையான பதிப்புகளில் இறுவட்டுப் பாட்டை நேரே ஓட்டுகிற வசதி இருந்தது. ஆனால் காட்சி முடியும்வரை வட்டு அந்தக் கணினிக்குள்ளேயே இருக்கவேண்டும். எம்.பி.3 சேர்த்தாலும் அது காட்சிக் கோப்புக்கு வெளியேதான் நிற்கும். இரண்டையும் ஒரே கோப்புறையில் சேர்த்துக் கொண்டுபோகாவிட்டால் மண்டபத்தில் ஒலி வராது. 2010 பதிப்பிலிருந்துதான் ஒலி உள்ளேயே பதிந்துகொள்கிறது. மண்டபத்துக் கணினி எந்தப் பதிப்பு என்று முதல்நாளே கேளுங்கள். எல்லாப் படங்களுக்கும் தொடர்ந்து ஒலிக்கும்படி தெரிவு செய்யாமல் விட்டு, இரண்டாவது படத்தோடு பாட்டு நின்றுபோய், துக்கவீட்டில் சனம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்ததையும் கண்டிருக்கிறேன். வீட்டுக்காரருக்கு அந்த நிமிடம் திரும்பி வராது.

என் துறையிலிருந்து ஒரு வார்த்தை. பாட்டை நினைத்த இடத்தில் வெட்டாதீர்கள். தவில் தனியின் கடைசியில் ஒரே கோர்வையை மூன்று தரம் வாசித்துத் தீர்மானம் வைத்துத்தான் முடிப்பார்கள். நீங்கள் இரண்டாவது தரத்தில் ஒலியை மங்கவைத்து நிறுத்தினால், தாளம் தெரிந்த ஒருவருக்கு அது பேசிக்கொண்டிருக்கிறவரின் வாயைப் பொத்தியதுபோல இருக்கும். பாட்டின் நீளத்தை முதலில் பாருங்கள், பிறகு படங்களைப் பிரியுங்கள். ஆறு நிமிடக் கீர்த்தனை என்றால் ஒரு படத்துக்கு எட்டு நொடி வைத்து நாற்பத்தைந்து படம் ஓட்டலாம். படம் குறைவென்றால் ஒவ்வொன்றையும் கூடுதல் நேரம் நிற்கவிடுங்கள். அவசரமாக மாறுகிற படங்களை முதியவர்களின் கண் பிடிக்காது. வெட்டத்தான் வேண்டுமென்றால் பல்லவிக்குத் திரும்பி வருகிற இடத்தில் நிறுத்துங்கள். ஆலாபனையில் மூச்சு எடுக்கிற இடம் காதுக்குத் தெரியும். கேட்டுப் பழகினால் உங்களுக்கும் பிடிபடும், அதற்குச் சங்கீதம் படித்திருக்கத் தேவையில்லை.

எந்த இசை எதற்கு என்பதும் இருக்கிறது. மல்லாரி சுவாமி புறப்படுகிறபோது கம்பீரநாட்டையில் வாசிப்பது. பொம்பிளை மண்டபத்துக்குள் வருகிற படத்துக்கு அதைப் போட்டதைப் பார்த்தேன். கெட்டிமேளம் கலந்து வருகிற ஒரு பதிவை ஆண்டுத்திவசப் படத்துக்குப் போட்டதையும் கேட்டேன். ஒருவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, தெரியாமல் நடந்தது. குழந்தையின் படங்களுக்கு நீலாம்பரி, விடியல் காட்சிக்குப் பூபாளம், கலியாணத்துக்கு லாலியும் ஊஞ்சலும். சந்தேகம் வந்தால் உங்கள் ஊரிலேயே கேட்க ஆள் இருக்கிறது. மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் படித்து வெளியேறிய பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஒரு தொலைபேசி அழைப்புப் போதும்.

இப்போது பெயர். என் மனதை மிகவும் வருத்துகிற விடயம் இது. தமிழகப் பாட்டுவட்டை நீங்கள் கணினியில் போட்டால் பாட்டின் பெயர், பாடியவர் பெயர் எல்லாம் இணையத்திலிருந்து தானாக வந்து நிரம்புகிறது. எங்கள் ஊர் இறுவட்டைப் போட்டால் ‘ட்ராக் 01, தெரியாத கலைஞர்’ என்று வருகிறது. வட்டுக்குள் பெயர் எழுதும் வழக்கம் எங்களிடம் இருக்கவில்லை. பாடியவர், எழுதியவர், வயலின், மிருதங்கம், ஒலிப்பதிவுக் கூடம், ஆண்டு எல்லாம் மட்டையில் மட்டும்தான் அச்சடித்திருக்கிறது. நீங்கள் பாட்டை எடுத்துக்கொண்டு வட்டைத் திருப்பிக் கொடுத்த கணத்தில் பெயர் பாட்டை விட்டுப் பிரிகிறது. அந்த எம்.பி.3 உங்கள் கோப்புறையில் ‘பக்தி 7’ ஆகிறது. அடுத்த சிலைட்ஷோவுக்கு, அங்கிருந்து யூரியூப்புக்கு, அங்கிருந்து யாரோ ஒருவரின் தொலைபேசிக்குப் போகிறது. ஐந்து வருடத்தில் அது அநாமதேயப் பாட்டு. இணுவில் வீரமணி ஐயர் மயிலாப்பூர் அம்பாள்மேல் எழுதி ரி.எம். சௌந்தரராஜன் பாடிய ‘கற்பகவல்லி’யை உலகத்துத் தமிழர் எல்லோரும் அறிவார்கள். அதை எழுதியவர் எங்கள் இணுவிலார் என்பது இங்கேயே பலருக்குத் தெரியாது. அவ்வளவு பெயர்பெற்ற பாட்டுக்கே இந்த நிலை என்றால், எங்கள் ஊர் அம்மன்மேல் ஓர் இளைப்பாறிய தமிழ் வாத்தியார் எழுதிய பாட்டின் கதி என்ன?

ஆகவே வட்டு கைக்கு வந்தவுடன் மட்டையின் இரு பக்கத்தையும் தொலைபேசியில் படம் எடுங்கள். எடுத்த கோப்புகளுக்கு அதே பெயர்களைக் கொடுங்கள். காட்சியின் கடைசிப் படத்தில் உங்கள் ஸ்ருடியோவின் பெயரும் தொலைபேசி இலக்கமும் வருகிறதல்லவா? அதற்கு மேலே ஒரு வரி: இசை இன்னார், இந்த இறுவட்டிலிருந்து. அந்த ஒரு வரியைப் பார்த்து ஒரு பாடகரின் பேரப்பிள்ளை வந்து உங்களிடம் பிரதி கேட்கிற நாள் வரும்.

அனுமதியும் கேளுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இந்த நாட்டில் இருக்கிறது. எழுதியவரின் உரிமை அவர் இறந்து 70 வருடம்வரை நிற்கிறது. பாடியவருக்கும் வெளியிட்டவருக்கும் தனித்தனி உரிமை உண்டு. தமிழகச் சினிமாப் பாட்டுப் போட்ட உங்கள் காட்சியை வெளிநாட்டு உறவினருக்காக யூரியூப்பில் ஏற்றியபோது ஒலி அடைக்கப்பட்டதை அனுபவித்திருப்பீர்கள். அங்கே நீங்கள் யாரிடம் போய்க் கேட்க முடியும்? இங்கே உரிமைக்காரர் அடுத்த ஊரில் இருக்கிறார். கோயில் பரிபாலன சபையின் செயலாளரையோ வித்துவானின் மகளையோ கேட்டால், பெரும்பாலும் ‘தாராளமாகப் போடுங்கோ தம்பி’ என்றுதான் சொல்வார்கள். தங்களை ஒருவர் கேட்டாரே என்பதே அவர்களுக்குப் பெரிய விடயம்.

கடைசியாகப் பிரதி. 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாண நூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாகிக் கிடந்தன. ஓலைச்சுவடிகள் இருந்தன, வேறெங்கும் பிரதி இல்லாதவையும் இருந்தன. அதை எரித்தவர்கள் வேறு ஆட்கள். லாச்சிக்குள் வட்டு மங்கிப்போவதற்கு நாங்கள் வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. 2005இல் நூலகம் நிறுவனத்துப் பிள்ளைகள் தொடங்கிய வேலையைப் பாருங்கள். எங்கள் புத்தகம், பத்திரிகை, கல்வெட்டு, மலர் என்று கிடைத்ததையெல்லாம் வருடி இணையத்தில் எவரும் படிக்க வைத்திருக்கிறார்கள். ஒலி, ஒளிப் பதிவுகளையும் சேர்க்கிறார்கள். நீங்கள் முழுத்தரத்தில் எடுத்த பதிவையும் மட்டைப் படத்தையும், உரியவரிடம் கேட்டுக்கொண்டு, அவர்களிடம் சேர்க்கலாம். வீட்டுக்காரருக்கும் ஒரு பென்டிரைவில் கொடுங்கள். வட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது துடைப்பதென்றால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்கவேண்டும், சுற்றித் துடைக்கக்கூடாது என்றும், மேற்பக்கத்தில் காகிதம் ஒட்டவேண்டாம், இசை இருப்பது அந்தப் பக்கத்துக்கு அடியில்தான் என்றும் சொல்லிக் கொடுங்கள்.

உங்கள் பக்க நியாயமும் எனக்குத் தெரியும். ‘நாங்கள் என்ன செய்வது, வீட்டுக்காரரே சினிமாப் பாட்டைத்தான் கேட்கிறார்கள்’ என்பீர்கள். கேட்கிறவர்களுக்கு அதையே போடுங்கள், அது அவர்கள் விருப்பம். பெரியவர் ஒருவர் வாழ்நாள் முழுவதும் விரும்பிக் கேட்டது ஒரு சினிமாப் பாட்டென்றால் அவருடைய படத்துக்கு அதுதான் உரிய பாட்டு. இளையராஜா 2005இல் தந்த திருவாசக இறுவட்டை அந்தியேட்டிக்குப் போடுகிறீர்கள், அதில் எனக்கு என்ன மறுப்பு? ஆனால் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒன்றும் சொல்வதில்லை. ‘பொருத்தமாய் ஏதாவது போட்டு விடுங்கோ தம்பி’ என்று உங்களை நம்பி விட்டுவிடுகிறார்கள். நான் பேசுவது அந்தப் பாதியைப் பற்றி. ‘நேரமில்லை, செத்தவீட்டுப் படம் இரவோடிரவாகக் கேட்பார்கள்’ என்பீர்கள். அந்தியேட்டிக்கு முப்பது நாள் இருக்கிறது. கலியாணத்துக்கு மாதக்கணக்கில் இருக்கிறது. ஒரு வட்டு நல்ல நிலையில் இருந்தால் முழுவதையும் எடுக்கப் பத்து நிமிடம் செல்லும், அதுவும் கணினி தானே செய்கிற வேலை. வேலைக்குக் காசு கூடுதலாக வேண்டுமென்றால் கேட்டு வாங்குங்கள். அப்பாவின் வட்டைப் பிரதி எடுத்துத் தந்தேன் என்றால் எந்தப் பிள்ளை காசு கொடுக்க மறுக்கும்?

வெளிநாட்டில் இருந்துகொண்டு இங்கே இந்தக் காட்சிகளைச் செய்விக்கிற உறவுகளுக்கும் ஒரு சொல். படங்களை அனுப்பும்போது, வீட்டில் எந்த இறுவட்டு எங்கே இருக்கிறது என்பதையும் எழுதி அனுப்புங்கள். அந்தக் கோயில் இறுவட்டுக்குக் காசு கொடுத்தவர்கள் நீங்கள்தான். உங்களிடம் அங்கே ஒரு பிரதி இருந்தால், இங்கே உள்ளது பழுதானாலும் அது உதவும்.

பிள்ளைகளே, நான் உங்களிடம் கேட்பது இவ்வளவும்தான். அடுத்த வேலைக்குப் படங்களை வாங்கும்போது ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேளுங்கள்: ‘வீட்டில் ஊர் இறுவட்டு ஏதும் இருக்குதோ?’ இருந்தால் வாங்குங்கள். முழுவதையும் எடுங்கள். மட்டையைப் படம்பிடியுங்கள். காட்சியில் பெயரைப் போடுங்கள். ஒரு பிரதியை வீட்டுக்கும் ஒன்றை நூலகம் நிறுவனத்துக்கும் கொடுங்கள். நல்லூரின் அடுத்த இருபத்தைந்து நாள் திருவிழா தொடங்குவதற்குள், உங்கள் ஸ்ருடியோவுக்கு வந்துபோகிற வட்டுகளில் ஒன்றைக்கூடப் பிரதி எடுக்காமல் திருப்பிக் கொடுக்காதீர்கள். வித்துவான்களின் வீடுகளிலும் கோயில் சபைகளிலும் எடுத்துச் சொல்ல ஆள் வேண்டுமென்றால், என்னைப்போல் இளைப்பாறிய சங்கீத ஆசிரியர்கள் ஊருக்கு ஒருவராவது இருக்கிறோம். கூப்பிடுங்கள், வருகிறோம்.

அன்புடன்,
வலிகாமத்திலிருந்து ஒரு சங்கீத ஆசிரியர்